வேறு வீட்டிலிருந்து வந்த கிளி கடிக்கிறதா, கத்துகிறதா? முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

என் வீட்டுக்கு வந்தபோது அந்த ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு 11 வயது. அதற்கு இது மூன்றாவது வீடு. இரவில் விளக்கை அணைத்ததும் வயதான ஒருவர் இருமுவது போலவே இருமும். அப்புறம் ஒரு பெண்ணின் குரலில் "இதோ வந்துட்டேன்" என்று சொல்லும். அந்தக் குரல்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் கூண்டின் பின்பக்க மூலையை விட்டு நகரவில்லை, சத்தமும் போடவில்லை. சாதுவான பறவை என்று நானும் நம்பிவிட்டேன். மூன்றாவது வாரம், தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது, ஆள்காட்டி விரலில் தையல் போடும் அளவுக்குக் கடித்தது. அதே வாரம் மாலைக் கத்தலும் ஆரம்பித்தது.

வேறொருவர் வளர்த்த கிளியை ஏற்றுக்கொள்கிற பலருக்கும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கிறது. புது இடத்தில் பயந்து அடங்கியிருக்கும் பறவை, கொஞ்சம் பழகியதும் தனக்குத் தெரிந்த பழைய வழிகளை எடுத்துப் பார்க்கும். இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் மனம் உடைந்து, அதற்கு அடுத்த வீட்டைத் தேடத் தொடங்குகிறார்கள். காக்டெயில் என்னும் கொண்டையுள்ள சிறு கிளி 15, 20 வருடம் வாழும். கிரே, அமேசான், காக்கட்டூ, மக்காவ் போன்ற பெரிய கிளிகள் 40, 50 வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. இவ்வளவு நீண்ட ஆயுளில் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் அது ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டே போகிறது.

அது கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஒரே பாடம். கிளி முதலில் மெல்லத்தான் சொல்லும். தலையைத் திருப்பும், ஓரடி பின்வாங்கும், பிடரி இறகைத் தூக்கும். யாரும் கவனிப்பதில்லை. கடித்தது, கை உடனே விலகியது. மெல்லக் கூப்பிட்டது; யாரும் வரவில்லை. அலறியது, ஆள் ஓடிவந்தார். ஆக, கடியும் அலறலும்தான் மனிதர்களுக்குப் புரிகிற மொழி என்று அது முடிவு செய்துவிட்டது. அதன் மெல்லிய பேச்சுக்கு மறுபடியும் பலன் கிடைக்கும்படி செய்வதுதான் உங்கள் வேலை. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இதற்காகத்தான்.

முதலில் மருத்துவர்

பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் முதல் வாரமே காட்டிவிடுங்கள். காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால் கிளி தன் நோயை மறைத்துக்கொள்ளும். உள்ளங்காலில் புண், மூட்டு வலி, வெறும் விதைகளையே தின்று வந்த சத்துக்குறைவு, ஈரல் கோளாறு என்று எது இருந்தாலும் நம் கண்ணுக்கு முதலில் படுவது "தொட்டால் கடிக்கிறது" என்பதாகத்தான் இருக்கும். வலியால் கடிக்கும் பறவையை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. எச்சப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிட்டகோசிஸ் என்னும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றக்கூடியது, அதைப் பற்றியும் கேளுங்கள். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் குறைந்தது 30 நாளாவது புதியதைத் தனி அறையில் வையுங்கள்.

கிராம் கணக்கில் காட்டும் சிறிய தராசு ஒன்றும் தேவை. வாரம் இரண்டு முறை, காலையில் சாப்பாட்டுக்கு முன் எடையைக் குறித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்துவிட்டால் பறவை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். தராசில் ஏற முதலில் மறுக்கும். பரவாயில்லை, பின்னால் சொல்லும் குச்சிப் பயிற்சி இதற்கும் உதவும்.

பழைய வீட்டாரிடம் பேச முடிந்தால் நேரடியாகக் கேளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியது? எந்தக் கை, எந்தப் பொருள் என்றால் பயம்? துண்டால் போர்த்திப் பிடித்திருக்கிறார்களா? என்னென்ன சொல்லும், எந்த நேரத்தில் சொல்லும்? கடைசிக் கேள்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் பறவை விஷயத்தில் அது சொன்ன சொல்தான் மிகவும் உதவியது. கத்தலைப் பற்றிச் சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

கூண்டின் இடமும் இரவும்

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்க வேண்டும். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் இருந்தால் பறவை நாள் முழுக்கக் காவல் காத்துக்கொண்டே இருக்கும். அதே சமயம் யாருமே வராத மூலை அறையிலும் தள்ளிவிடாதீர்கள். சமையலறை வேண்டவே வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை ஒரு கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

உள்ளே, பல கனத்தில் இயற்கையான மரக்கிளைகளை வையுங்கள். எல்லாக் கம்பும் ஒரே கனத்தில் வழுவழுப்பாக இருந்தால் பாதம் புண்ணாகும். உணவு, தண்ணீர்க் கிண்ணங்களை வெளியிலிருந்தே மாற்றும்படியான கூண்டாக இருந்தால் மிகவும் நல்லது. நான் அந்தத் தையலை அப்படித் தவிர்த்திருக்கலாம்.

தூக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கிளிக்கு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் உள்ள இரவு தேவை. எங்கள் கூடத்தில் இரவு 11 மணிவரை விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும். போர்வையைப் போட்டு மூடினால் போதும் என்று நினைத்திருந்தேன். வெளிச்சம் மறைந்ததே தவிர சத்தம் மறையவில்லை. ஒரு சிறிய தூங்கும் கூண்டை உள்ளறையில் வைத்து 8 மணிக்கே அங்கே மாற்றத் தொடங்கினேன். பத்து நாளில் காலை நேரச் சிடுசிடுப்பு பாதியாகக் குறைந்தது. வேறு எந்தப் பயிற்சியையும் அப்போது நான் ஆரம்பித்திருக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எதையும் கேட்காதீர்கள்

கையில் ஏறு, பேசு, தலையைக் காட்டு என்று எதுவும் வேண்டாம். கூண்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், புத்தகத்தைச் சத்தமாக வாசியுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். கிளியின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றியுள்ள எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும். நாமோ இரண்டு கண்ணையும் முன்னால் நிறுத்தி, நேராக உற்றுப் பார்த்துக்கொண்டே நெருங்குகிறோம். வேட்டை விலங்கு வரும் விதமும் அதுதான். சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, மெதுவாக, அது பார்க்கும்படி வாருங்கள். மேலிருந்து கையைக் கொண்டுவராதீர்கள்.

கூண்டை நோக்கி நடக்கும்போது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் பறவையின் உடல் விறைப்பதைக் காண்பீர்கள். அந்த இடத்துக்கு ஓரடி முன்பே நின்றுவிடுங்கள். உடல் தளர்ந்ததும் திரும்பிப் போய்விடுங்கள். "நான் விறைத்தேன், இவர் நின்றார்" என்பது அதற்குப் புதிய செய்தி. பலமுறை இப்படி நடந்தபின் அந்த எல்லைக்கோடு தானாகவே உள்ளே நகரும்.

இதே காலத்தில் அதற்கு எது உயிர் என்று கண்டுபிடியுங்கள். கலவை உணவைக் கொடுத்து, எதை முதலில் எடுக்கிறது என்று நாலைந்து நாள் பாருங்கள். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாகவோ ஏதாவது ஒரு பருப்பாகவோ இருக்கும். இனி அதைக் கிண்ணத்தில் போடாதீர்கள். உங்கள் கையிலிருந்து மட்டும், சிறு துண்டுகளாக, அது கிடைக்கட்டும். பட்டினி போட்டுப் பயிற்சி கொடுப்பது கூடாது. வழக்கமான உணவு எப்போதும் போல இருக்க வேண்டும். பிடித்த அந்த ஒன்று மட்டும் உங்களோடு வரவேண்டும். வெண்ணெய்ப்பழம் என்னும் அவகாடோ, சாக்லேட், காபி ஆகியவை கிளிக்கு நஞ்சு. ஆசையாகப் பார்த்தாலும் கொடுக்காதீர்கள்.

உடம்பு சொல்வதைப் படிப்பது

"திடீரென்று கடித்துவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறோம். கடிக்கு முந்தைய ஐந்து வினாடியை மனதில் ஓட்டிப் பார்த்தால் அதில் மூன்று எச்சரிக்கையாவது இருந்திருக்கும். முதல் மாதம் முழுவதும் இதைக் கற்பதற்கே செலவிட்டாலும் வீணில்லை.

கண்பாவை சட்டென்று சுருங்கி விரிவது பெரிய பரபரப்பைக் காட்டும். அது மகிழ்ச்சியாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். கூடவே வாலை விசிறி போல விரித்து, பிடரி இறகு சிலிர்த்து, விறைப்பாக நடந்தால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அமேசான் கிளிகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பயந்த கிளி வேறு மாதிரி இருக்கும். இறகெல்லாம் உடலோடு ஒட்டி, ஒல்லியாகி, கழுத்து நீண்டு நிற்கும். காக்டெயில் சீறும், கொண்டையை நெட்டுக்குத்தலாக நிறுத்தும் அல்லது தலையோடு ஒட்டிவிடும். அலகைத் திறந்து கழுத்தை முன்னால் நீட்டுவது எந்த இனத்திலும் கடைசி எச்சரிக்கை.

நிம்மதியான கிளி ஒற்றைக் காலில் நிற்கும், அலகை மெல்ல அரைத்துக்கொள்ளும், உடம்பை ஒரு முறை உதறிவிட்டு இறகு கோதும். அந்த உதறல் எனக்கு மிகவும் பிடிக்கும். பதற்றம் ஒன்று கடந்துபோனதன் அடையாளம் அது.

புதியவர்கள் அடிக்கடி தவறாகப் படிக்கிற ஒன்று இருக்கிறது. கிளிக்கு அலகு மூன்றாவது கால் மாதிரி. ஒரு கிளையில் ஏறுமுன் அலகை வைத்து அது தாங்குமா என்று சோதிக்கும். உங்கள் விரலுக்கும் அதைத்தான் செய்கிறது. அலகு நெருங்குவதைப் பார்த்துப் பயந்து கையை இழுத்தால், "இந்தக் கிளை ஆடுகிறது" என்று அதற்கு ஆகிவிடும். அடுத்த முறை இறுக்கிப் பிடிக்கும். அதைக் கடி என்போம். கை ஆடாமல் இருக்கும் அளவுக்கு உங்களுக்குத் தைரியம் வரும்வரை கையையே நீட்டாதீர்கள். அதற்குத்தான் குச்சி.

குச்சியிலிருந்து கைக்கு

ஒரு நீளமான மெல்லிய மரக்குச்சி போதும். கூண்டுக்கு வெளியிலிருந்து, கம்பிகளுக்கு இடையில் நுனியை மெல்லக் காட்டுங்கள். பயந்து ஒதுங்கினால் தூரத்தில் நிறுத்தி, குச்சியைப் பார்த்தாலே விதை கொடுங்கள். ஆர்வம் மிகுந்த பிறவி என்பதால் ஒரு நாள் அலகால் தொட்டுப் பார்க்கும். தொட்ட கணத்தில் "சரி!" என்பது போல ஒரே ஒரு சொல்லை எப்போதும் ஒரே தொனியில் சொல்லி, உடனே விதையைக் கொடுங்கள். சொல்லுக்கும் விதைக்கும் இடையில் ஒரு வினாடிக்கு மேல் போகக்கூடாது. விரலிலிருந்து வாங்கப் பயந்தால் நீளமான கரண்டியில் வைத்து நீட்டுங்கள் அல்லது கிண்ணத்தில் போடுங்கள்.

தொடுவது பிடிபட்டதும் குச்சியை இரண்டு அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். ஓரடி நடந்து வந்து தொடும். அப்புறம் கம்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து கூண்டுக் கதவுக்கு, கதவிலிருந்து வெளியே ஒரு தாங்குகிளைக்கு. இவ்வளவும் நடக்க ஒரு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். கூண்டு அதன் வீடு. கையை உள்ளே விட்டு வெளியே எடுக்க முயல்வதே பெரும்பாலான கடிகளுக்குக் காரணம். தானாக நடந்து வெளியே வந்த பறவை, வாசலைத் தாண்டியதுமே வேறு பறவை போலிருக்கும்.

கிண்ணம் மாற்றுவது, கூண்டைச் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை அது வெளியே இருக்கும்போது செய்யுங்கள். அல்லது குச்சியால் கூண்டின் மறுமூலைக்கு வரவழைத்து, அங்கே ஒருவர் விதை கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கிண்ணத்தை மாற்றட்டும்.

கையில் ஏறுவதைக் கடைசியில் கற்றுக்கொடுங்கள். விரலைப் பார்த்தாலே விறைக்கும் பறவைக்கு, முதலில் கையடக்கக் கம்பு ஒன்றில் ஏறப் பழக்குங்கள். உங்கள் கை கம்பின் ஒரு முனையைப் பிடித்திருக்கட்டும். நாள்கள் போகப் போகக் கை கம்பின் நடுப்பக்கம் நகரும். ஒரு நாள் ஒரு கால் கம்பிலும் ஒரு கால் விரலிலும் இருக்கும். கையைக் கொடுக்கும்போது மார்பில் அழுத்தித் தள்ளாதீர்கள். காலுக்கு முன்னால் ஓரங்குல தூரத்தில் அசையாமல் நிறுத்திக் காத்திருங்கள். அது ஏறலாம், தலையைத் திருப்பலாம். திருப்பினால் கையை எடுத்துவிட்டு, அரை நிமிடம் கழித்து மறுபடி கேளுங்கள். "வேண்டாம்" என்று சொல்ல முடிகிற கிளிக்குக் கடிக்கத் தேவை குறைவு. இதைச் சொன்னால், இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்று சிலர் எச்சரிப்பார்கள். என் அனுபவம் நேர்மாறானது. மறுக்க முடியும் என்று தெரிந்தபின்தான் என் கிரே அடிக்கடி சம்மதிக்கத் தொடங்கியது.

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும். அது இன்னும் கேட்கும்போதே முடித்துவிடுங்கள். ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் 30 ஆண்டுகள் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற கிரே, பயிற்சி அலுத்துப்போனால் திரும்பிப் போக வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிடும். நம் பறவைகள் முதுகைக் காட்டியோ விதையைக் கீழே போட்டோ அதையேதான் சொல்கின்றன.

இறகு கத்தரித்த கிளியா என்றும் பாருங்கள். பறந்து விலக முடியாத பறவைக்கு மிச்சமிருக்கும் தற்காப்பு கடி மட்டுமே. இறகு மறுபடி முளைத்துப் பறக்கக் கற்ற பின் கடி குறைந்த கிளிகள் உண்டு. ஜன்னல், மின்விசிறி, திறந்த கதவு ஆகியவற்றில் எச்சரிக்கையாக இருந்தால் போதும்.

கடித்தேவிட்டால்

கையை இழுக்காதீர்கள். இழுத்தால் காயம் கிழிந்து பெரிதாகும். கையை மெல்லப் பறவையின் பக்கமாகவே சற்று நகர்த்தினால் பிடி தளரும். கத்தாமல், திட்டாமல், அருகிலுள்ள கிளையில் அதை இறக்கிவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து, அதற்கு நிச்சயம் தெரிந்த எளிய ஒன்றை, குச்சியைத் தொடுவதைப் போல, கேட்டுப் பாராட்டி அன்றைய பயிற்சியை முடியுங்கள்.

சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தை ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும். ஆழமான கடி, மூட்டின் மேல் பட்ட கடி, முகத்தில் பட்ட கடி என்றால் மருத்துவரைப் பாருங்கள். கடிக்கும் பழக்கமுள்ள கிளியைத் தோளில் வைத்துக்கொள்ளவே கூடாது. அங்கே அதன் உடல்மொழி உங்களுக்குத் தெரியாது. உங்கள் கண் அதன் அலகுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

அலகைப் பிடித்து ஆட்டுவது, முகத்தில் ஊதுவது, தண்ணீர் பீய்ச்சுவது, கையை உதறிக் கீழே விழவைப்பது, இருட்டில் அடைப்பது என்று பல யோசனைகள் உங்களிடம் வரும். எதையும் செய்யாதீர்கள். ஒருவேளை கடி அன்றைக்கு நிற்கலாம். உங்கள் கை பயங்கரமானது என்ற நினைப்பு மட்டும் மாதக்கணக்கில் தங்கும். என் பறவையைத் துண்டால் சுற்றிப் பிடித்து "பணிய வைத்திருக்கிறார்கள்" என்று பின்னால் தெரிந்தது. இரண்டு வருடம் ஆகியும், தோளில் துண்டோடு நான் அறைக்குள் வந்தால் அது மூலைக்குப் போய்விடும்.

அன்றிரவு ஒரு குறிப்பேட்டில் மூன்று வரி எழுதுங்கள். கடிக்கு முன் என்ன நடந்தது? கிளி என்ன செய்தது? பின்னால் அதற்கு என்ன கிடைத்தது? பத்துக் கடி சேர்ந்தால் ஒரு ஒழுங்கு தெரியும். எனக்குப் பத்தில் ஏழு, நான் கூண்டுக்குத் திருப்பி அனுப்பும் நேரத்தில். அதன் பிறகு, கூண்டுக்குள் போனதும் அதற்குப் பிடித்த பருப்பு அங்கே காத்திருக்கும்படி செய்தேன். சில சமயம் உள்ளே போய் உடனே மறுபடி வெளியே வரவும் விட்டேன். அந்த ஏழும் மெல்ல மெல்ல நின்றன.

கத்தல்

முதலில் எது இயல்பான சத்தம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கிளிகள் கூட்டமாக வாழ்பவை. விடிந்ததும் பொழுது சாயும்போதும் கூட்டமாகக் குரல் கொடுப்பது அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. காலையில் பத்து இருபது நிமிடம், மாலையில் அதே அளவு சத்தம் இருக்கத்தான் செய்யும். அதை நிறுத்த முயலாதீர்கள். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்துங்கள், குளிக்க வையுங்கள், கூடச் சேர்ந்து பாடுங்கள்.

நாம் சரிசெய்ய வேண்டியது, நீங்கள் அறையை விட்டு வெளியேறிய கணத்தில் தொடங்கி மணிக்கணக்கில் நீளும் அலறலை. கண்ணுக்குத் தெரியாத துணையைக் கிளிகள் குரலால்தான் தொட்டுக்கொள்கின்றன: "எங்கே இருக்கிறாய்?", "இங்கேதான்." வெனிசுவேலாவில் காட்டுச் சிறுகிளிகளை ஆராய்ந்தவர்கள், தாய் தந்தைப் பறவைகளிடமிருந்து ஒவ்வொரு குஞ்சும் தனக்கென்று ஒரு கூப்பிடு ஒலியைப் பெறுவதைப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஏறக்குறைய பெயர் மாதிரி. வீட்டில் கிளி அப்படிக் கூப்பிடுகிறது, நாம் பதில் சொல்வதில்லை. இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது.

ஒரு நாள் மாலை, கத்தலுக்கு இடையில், என் பறவை அந்தப் பெண்குரலில் "இதோ வந்துட்டேன்" என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்பு இருந்த ஏதோ ஒரு வீட்டில் அது கூப்பிடும்போதெல்லாம் யாரோ ஒருவர் அடுத்த அறையிலிருந்து கொடுத்த பதில் அது. அந்தப் பதில் வராத வீட்டில் அது வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அன்றிலிருந்து அறையை விட்டுப் போகும்போதெல்லாம், அது கத்துவதற்கு முன்பே, நான் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அலறலுக்குப் பதிலாக ஒரு சிறு சீழ்க்கை வந்தது. ஓடிப்போய் ஒரு விதை கொடுத்தேன்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கிளி ஏற்கெனவே செய்கிற, உங்கள் காதுக்கு இதமான ஒரு ஒலியைத் தேர்ந்தெடுங்கள். சீழ்க்கை, நாக்குச் சொடுக்கு, ஒரு சொல் என்று எதுவானாலும் சரி. அந்த ஒலியை எப்போது எழுப்பினாலும் பதில் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். முதல் வாரங்களில் தவறாமல், எத்தனை முறையானாலும். அலறினால் பதில் சொல்லாதீர்கள், எட்டிப் பார்க்காதீர்கள். "சும்மா இரு!" என்று அங்கிருந்தே கத்துவதும் அதற்குப் பதில்தான். கூட்டமே சேர்ந்து குரல் கொடுக்கிறது என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். மூச்சு வாங்கிக்கொள்ளும் இரண்டு மூன்று வினாடி மௌனம் வரும் அல்லவா, அந்த இடைவெளியில் உள்ளே போங்கள்.

ஆனால் அலறலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மட்டும் மருந்தாகாது. இத்தனை நாள் வேலை செய்த ஒன்று திடீரென்று வேலை செய்யாமல் போனால் கிளி இன்னும் பலமாக, இன்னும் நீளமாக முயன்று பார்க்கும். நாலைந்து நாள் கத்தல் கூடும். அந்த நேரத்தில் தாங்கமுடியாமல் ஒருமுறை ஓடினீர்கள் என்றால், "இந்த அளவுக்குக் கத்தினால்தான் வருவார்கள்" என்று கற்றுக்கொண்டுவிடும். வேறு எந்த ஒலிக்கு நீங்கள் வருவீர்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துபோகும். தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் போய், ஓரிரு வாரம் சத்தம் கூடலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று, திடீரென்று தொடங்கும் பயந்த கூச்சலைப் புறக்கணிக்கக் கூடாது. ஜன்னலில் பருந்தோ பூனையோ தெரிந்திருக்கலாம், கால் எங்காவது சிக்கியிருக்கலாம். போய்ப் பாருங்கள்.

பிரிவைத் தனியாகவும் பழக்கலாம். அறையை விட்டு இரண்டு வினாடி வெளியே போய், அது கத்தும் முன் திரும்பி வாருங்கள். அப்புறம் ஐந்து வினாடி, அப்புறம் மூன்று, அப்புறம் பத்து. ஏறிக்கொண்டே போகாமல் கலந்து கலந்து செய்யுங்கள்.

மீதி வேலையைச் செய்வது அலகுக்குக் கொடுக்கும் வேலை. காட்டுக் கிளிகள் பகலில் பல மணி நேரத்தை இரை தேடுவதிலேயே கழிக்கின்றன. வீட்டில் கிண்ணம் கால் மணி நேரத்தில் காலியாகிறது, மீதிப் பொழுதுக்கு என்ன செய்யும்? உணவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டுங்கள், அட்டைக் குழாயில் அடைத்து இரு முனையையும் மடியுங்கள், மரத்துண்டில் துளைபோட்டுப் பருப்பைச் செருகுங்கள். முதலில் திறந்த பொட்டலமாகக் கொடுத்து, எப்படிப் பிரிப்பது என்று கண் முன்னே காட்டுங்கள். கூண்டிலேயே வாழ்ந்த சில கிளிகளுக்கு இது தெரியாது. நான் வெளியே கிளம்பும் நேரத்தில்தான் அன்றைய பெரிய பொட்டலம் கிடைக்கும். கதவுச் சாவியின் சத்தம் இப்போது அதற்கு நல்ல செய்தி.

வருடத்தில் சில வாரம்

பகல் நீளும் பருவத்தில், நன்றாகப் பழகிய கிளியும் சில வாரம் சிடுசிடுக்கும், தன் மூலையைக் காக்கும், உரக்கக் கத்தும். இனப்பெருக்க உந்துதல்தான் காரணம். பெட்டி, இழுப்பறை, சோபாவின் அடி என்று கூடு போலத் தோன்றும் இருட்டிடங்களை மறையுங்கள். சூடான கூழ் போன்ற உணவைக் குறைத்து, இரவை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டுங்கள். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவுவது துணைப்பறவை செய்யும் செயல் என்று அது எடுத்துக்கொள்ளும். வருடம் முழுக்கவே தலையையும் கழுத்தையும் மட்டும் கோதிவிடுங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

கிளி ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கடிப்பது சகஜம். அப்படியானால் பிடித்த பருப்பை அந்த "மற்றவர்" மட்டும் கொடுக்கட்டும். பிரியமானவர் அந்த நேரம் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது. குழந்தைகள் தூரத்திலிருந்து கிண்ணத்தில் விதை போடலாம், விரல் நீட்டக் கூடாது. எந்த ஒலிக்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்குக் கூடாது என்பதில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஐந்து பேரில் ஒருவர் அலறலுக்கு ஓடினாலும் அலறல் உயிரோடு இருக்கும்.

மூன்று மாதம் முறையாகச் செய்தும் கடி ஆழமாகிக்கொண்டே போனாலோ, தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தாலோ தனியாகப் போராடாதீர்கள். மருத்துவரிடம் மறுபடி காட்டி, தண்டனையில்லாத முறையில் பறவைகளைப் பயிற்றுவிப்பவர் யாரையாவது அவரிடமே கேளுங்கள். உங்கள் குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள்.

அந்தக் குறிப்பேட்டின் முன்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். தூங்கும் நேரம், எடை, பிடித்த விதை, எந்த ஒலி எழுப்பினால் என்ன பதில் சொல்ல வேண்டும், எது வந்தால் கையை எடுத்துவிட வேண்டும், துண்டைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நீங்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவருக்கு அது வேண்டும். உங்களுக்குப் பின்னும் அது வாழக்கூடும் என்பதால் அப்போதும் வேண்டும். என் கிரே வந்தபோது அதனுடன் ஒரு கூண்டும் அரை மூட்டை விதையும் மட்டுமே வந்தன.